நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களை நன்றாக நடத்துவது எப்படி?

தினமும் பதிவு போட்டும் வியாபாரம் நகரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் ஒரு சுங்குடிச் சேலைக் (துணியில் நூலால் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சேலை) கடையின் முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பதிவு போடுவது இதில் பாதி வேலைகூட இல்லை. பதில் சொல்வதுதான் வேலை.

ஆரம்பத்தில் நானும் காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து என்று படமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். லைக் விழுந்தது, சேலை விற்கவில்லை. ஒருநாள், சாயம் காய்ந்த சேலையை ஒரு அம்மா முடிச்சுப் பிரித்துக்கொண்டிருந்ததை போனில் எடுத்தேன். துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க இழுக்க, நூல் முடிச்சுகள் படபடவென்று தெறித்தன. முடிச்சு இருந்த இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி. பாட்டு சேர்க்காமல் அந்தச் சத்தத்தோடு அப்படியே ரீல்ஸாகப் போட்டேன். அதற்குக் கீழேதான் முதல்முறையாக வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வந்தன: ‘கையால் கட்டியதா, பிரிண்டா?’, ‘சாயம் போகுமா?’, ‘என்ன விலை?’

விலை கேட்டால் ‘இன்பாக்ஸ் பாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். கேட்டவருக்குப் பின்னால் கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர், அவர்கள் அப்படியே நகர்ந்துவிடுவார்கள். பிரிண்டா என்று கேட்டால், பிரிண்ட் என்றால் பிரிண்ட் என்றே எழுதுங்கள். மதுரை சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயரில் அச்சுச் சேலைகளும் ஏராளமாக விற்கின்றன. நாங்கள் இரண்டும் விற்கிறோம். எது எது என்று ஒவ்வொரு படத்திலும் எழுத ஆரம்பித்த பிறகு, கைக்கட்டுச் சேலை ஏன் விலை கூடுதல் என்று யாரும் சண்டை பிடிப்பதில்லை.

புகார் வந்தால் அழிக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் அலசலிலேயே சிவப்பு இறங்கிவிட்டது என்று ஒரு வாடிக்கையாளர் கமெண்ட் போட்டார். முதலாளி சொன்னார் என்று அதை நீக்கிவிட்டேன். அவர் ஏற்கனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். மாலைக்குள் ஒரு சேலைக் குழுவில், ‘கேட்டால் அழிக்கிறார்கள்’ என்ற வரியோடு அது சுற்றிக்கொண்டிருந்தது. சாயத்தைவிட அந்த வரிதான் எங்களைப் பாதித்தது. இப்போதெல்லாம் அதே இடத்தில், எல்லோரும் பார்க்க, ‘மன்னிக்கவும், சேலையைத் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்’ என்று எழுதுகிறேன். ஆர்டர் எண், முகவரி மட்டும் தனிச்செய்தியில். அப்புறம், ஒவ்வொரு பார்சலிலும் முதல் அலசல் உப்புத் தண்ணீரில், தனியாக என்று ஒரு சீட்டு வைக்கிறோம்.

படத்தில் பார்த்த நிறம் வேறு என்று வரும் புகாரைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. டியூப்லைட்டில் படம் எடுக்காதீர்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக விரித்து, ஃபில்டர் போடாமல் எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் பில் போடும்போதே ‘எங்கள் நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, முகநூல் பக்கத்துக்கு ஒரே ஒரு ஊழியரை மட்டும் அட்மினாக வைக்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனால் பக்கமும் அவரோடு போய்விடும். முதலாளி பெயரிலும் முழு உரிமை இருக்கட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) இன்றே போட்டுவிடுங்கள்.