தாதியர் டிப்ளோமா இருக்கிறது, லண்டன் வேலை இல்லை: கட்டிய பணத்தைக் கேட்கலாமா?

கேள்வி: என் மகள் திருகோணமலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 18 மாதத் தாதியர் டிப்ளோமா படித்து, போன மாதம்தான் முடித்தாள். “வெளிநாட்டு அங்கீகாரம், லண்டனில் வேலை” என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நகையை அடகு வைத்து 4 லட்சம் கட்டினோம். தாதியர் பேரவைப் பதிவு இல்லாமல் அனுப்ப முடியாது என்று ஏஜென்ட் இப்போது சொல்கிறார். இன்னும் கொஞ்சம் பணம் தந்தால் ஆஸ்பத்திரி அனுபவக் கடிதம் எடுத்துத் தந்து வளைகுடாவுக்கு அனுப்புவாராம். என்ன செய்வது? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: அம்மா, முதலில் அந்த அனுபவக் கடிதத்துக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வளைகுடா நாடுகள் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு நிறுவனம் மூலம் கடிதம் தந்த ஆஸ்பத்திரியிடமே நேரே விசாரிக்கின்றன. பொய் என்று தெரிந்தால் அது உங்கள் மகளின் பெயரில்தான் பதிவாகும், ஏஜென்டின் பெயரில் அல்ல. பிற்பாடு உண்மையான தகுதியோடு போனாலும் அது குறுக்கே வரும். பொய் ஆவணம் என்று தெரிந்தே பயன்படுத்துவது இங்கேயும் குற்றம். அந்த ஏஜென்டிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

பிரித்தானியத் தாதியர் பேரவை, படித்த நாட்டிலேயே தாதியாக வேலை செய்ய உரிமை தரும் படிப்பா என்று பார்க்கும். கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு, ஆங்கிலம் எல்லாம் இருந்தாலும் இது இல்லாமல் முடியாது. ஒப்பிட்டுப் பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியம் தன் தாதியருக்கு வைத்த அளவு குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரம்; அதில் பாதியாவது நோயாளிகளோடு பெறும் பயிற்சி. 18 மாதப் படிப்பு அதற்கு எட்டாது.

சரி, பணம். உங்கள் பலம் அந்த நோட்டீஸ்தான். அதையும் பற்றுச்சீட்டுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைத் தாதியர் பேரவைக்கு எழுதி, இந்த டிப்ளோமாவை வைத்துப் பதிய முடியுமா என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைப் பேரவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சை விட பேரவையின் பதில் கடிதம் நீதிமன்றத்தில் பேசும். நிறுவனம் மூன்றாம்நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா என்றும் பாருங்கள்.

ஆனால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கான முறைப்பாட்டுக்கு பேரவையின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். சேவை தந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கூடவே சட்டத்தரணி மூலம் நிறுவனத்துக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். எழுத்து ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட 6 ஆண்டு, வாய்மொழி என்றால் 3 ஆண்டு. தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரலாம். அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தே பணம் வாங்கியிருந்தால் அது மோசடி; பொலிஸிலும் முறையிடலாம்.

மகள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர் என்றால், சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தலைப் பார்க்கச் சொல்லுங்கள். அது 3 ஆண்டு. கட்டணம் இல்லை, படிக்கும்போதே கொடுப்பனவும் உண்டு.

கோரிக்கைக் கடிதம் போனதும் நிறுவனம் பாதிப் பணத்தோடு, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு தாளையும் நீட்டக்கூடும். உங்கள் சட்டத்தரணி படிக்காமல் அதில் கையொப்பமிட வேண்டாம்.