ஒன்றோடொன்று கலக்கும் விருப்பங்கள் ஒருவருடைய தொழிலை எப்படி மாற்றுகின்றன?

பெரிய தத்துவமெல்லாம் இல்லை. உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று விஷயங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பது, அவ்வளவுதான்.

மலேசியாவில் பினாங்குக்காரர்களுக்கு, சோற்றில் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையைச் சொன்னால் போதும். மீன் குழம்பு, கோழிக் குழம்பு என்று ஒவ்வொன்றாக ஊற்றி 'பஞ்சிர்' (மலாயில் வெள்ளம்) ஆக்கித் தருவார்கள். அந்தக் குழம்புகள் தனித்தனியாக எங்கேயும் கிடைக்கும், ஆனால் கலந்தபின் வரும் ருசிக்காகத்தான் வரிசையில் நிற்கிறோம்.

திறமைகளும் அப்படித்தான், கலந்தால் மதிப்பு கூடும். காரணம் எளிது. பாடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், பாடவும் மெட்டுப் போடவும் நடிக்கவும் தெரிந்தவர்கள் சிலர்தான். 1929-இல் இதே பினாங்கில் பிறந்த மலாய்க் கலைஞர் பி. ரம்லி, புக்கிட் மெர்தாஜாம் என்ற ஊரில் பாடியதைப் பார்த்துத்தான் 1948-இல் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் சிங்கப்பூருக்கு அழைத்தார். பாடப் போனவர் நடித்தார், இசையமைத்தார், 1955-இல் படமும் இயக்கினார்.

சரி, அவர் மேதை. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவருக்குக் கணக்கெழுதும் வேலை, பழைய கட்டடங்கள் என்றால் பைத்தியம். லெபோ பாசார் தெருவில் ஒரு கடை வாசலில் நின்று, பெயர்ந்த சுண்ணாம்புக்கு அடியில் தெரியும் பழைய எழுத்தை விரலால் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தால் வெயிலே தெரியாது. அப்படிப் பேசிப் பேசியே, பரம்பரைக் கடைக்காரர்கள் பலர் இப்போது தங்கள் கணக்கை அவரிடம்தான் கொடுக்கிறார்கள்.

பிடித்ததைச் செய்ய வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, அந்த அண்ணன் இன்னும் கணக்குத்தான் எழுதுகிறார்.