வில்லாபுரத்திலிருந்து கடலுக்கு

அன்புள்ள சார்,

வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். கூட்டுறவுத் துறையில் 34 வருடம் வேலை பார்த்துவிட்டு வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். மகன் சென்னையில், மகள் கோயம்புத்தூரில். இனி நானும் மனைவியும்தான். இந்தத் தூசியும் வெயிலும் ஹாரன் சத்தமும் போதும் என்றாகிவிட்டது. கடலோரமாக ஒரு சின்ன ஊரில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நல்ல காற்று, ஃப்ரெஷ் மீன், குறைந்த வாடகை, அமைதி. மனைவிக்கும் சம்மதம்தான்.

மண்டபம், தொண்டி, திருச்செந்தூர், தரங்கம்பாடி ஆகிய நான்கையும் யோசித்து வைத்திருக்கிறேன். உச்சிப்புளி பக்கம் 'கடல் பார்த்த மனை' என்று ஒரு புரோக்கர் 5 சென்ட் காட்டினார். கடலுக்கு 300 மீட்டர்தான். வில்லாபுரம் வீட்டை விற்றால் மனை வாங்கி வீடும் கட்டிவிடலாம், கையிலும் கொஞ்சம் மிஞ்சும். நீங்கள் கடலோரத்தில் இருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எந்த ஊர் நல்லது? வீட்டை விற்கலாமா?

கே.எஸ்., வில்லாபுரம், மதுரை

அன்புள்ள கே.எஸ். அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். காற்று இருக்கிறது, மீன் இருக்கிறது, அமைதி இருக்கிறது, குடிதண்ணீர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அது அப்போது தோன்றவில்லை, நான் யாரையும் கேட்காமல் நேரே போய் வீடே பிடித்துவிட்டேன். 2017-லிருந்து 2019 வரை மண்டபத்தில் வாடகைக்கு இருந்தோம், அப்புறம் மூட்டையைக் கட்டிக்கொண்டு மதுரைக்கே வந்துவிட்டோம். தோற்றுத் திரும்பியவன் சொல்கிறான் என்பதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் ஓடுகிற, சரி, ஓட வேண்டிய வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கும் மேல் வெள்ளம் வந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் போய்க் கடலைத் தொடும். ஆறே போய்ச் சேரத் தயங்குகிற சீமை அது. நிலத்தடி நீர் பெரும்பாலான இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும், வராத நாளும் உண்டு. வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பும் பெண்களைப் பார்ப்பீர்கள். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவதையும் பார்ப்பீர்கள். அலைக்கு அத்தனை பக்கத்தில், இரண்டு முழம் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருப்பது எனக்குக் கடைசிவரை ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் 60 வயதில் குனிந்து கோர நம்மால் ஆகாது. நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் விலைக்கு வாங்கினோம். குளிப்பது உப்புத் தண்ணீரில்தான், சோப்பு நுரைக்காது, தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். வீடு பார்க்கப் போனால் மொட்டை மாடிக்கு ஏறாதீர்கள், முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

அடுத்தது உப்புக் காற்று. நல்ல காற்று என்று எழுதியிருக்கிறீர்களே, அதே காற்றுதான். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். மதுரையில் பத்து வருடம் உழைத்த எங்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் அங்கே இரண்டாவது வருடமே துரு தின்றுவிட்டது. பைக் சைலன்சர், கேஸ் அடுப்பு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் அதே கதி. வீடு கட்டுவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கினால் மேல்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டுக் கட்டிய வீடுகளில் ஏழெட்டு வருடத்தில் கம்பி வெளியே தெரிவதைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய பிறகு செலவே இல்லை என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்கள்? தை, மாசியாகத்தான் இருக்கும். எல்லோரும் அப்போதுதான் போவோம், கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும், புரோக்கரும் அப்போதுதான் கூப்பிடுவார். மண்டபத்தில் நிலம் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, ஒரு கடலில் கால் நனைத்துவிட்டு நடந்தே இன்னொரு கடலுக்குப் போகலாம். வடக்கில் இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கில் இருப்பது ஆண் கடல். ஆனால் வாடைக் காற்று கிளம்பிவிட்டால் அந்தப் பெண் கடல்தான் ஆடும், அப்போது தெற்கு அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அப்படியே மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் காற்று கதவைத் தட்டாது, தள்ளும். கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய ராத்திரி எங்களுக்கு வெறும் காற்றுதான், ஆனாலும் நாங்கள் தூங்கவில்லை. நம் மதுரைக்காரர்களுக்கு மழை என்றால் சந்தோஷம் மட்டும்தானே, பயம் பழக்கமில்லை.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

தரங்கம்பாடியை முதலில் அடித்துவிடுங்கள். அழகான ஊர், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அலைக்கு எதிரிலேயே நிற்கிறது, இரண்டு நாள் தங்கிப் பார்க்க அதற்கு ஈடில்லை. ஆனால் ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் நீங்கள் மதுரைக்கு வந்து சேர அரை நாளாகும். உங்கள் வயதில் வாரம் ஒரு பத்திரிகை வரும். 2004 சுனாமியில் அந்தக் கரை பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும்.

திருச்செந்தூர் எனக்குக் கோயில் ஊர்தான், கடற்கரை ஊராகத் தோன்றியதே இல்லை. விசேஷ நாளில் உங்கள் தெருவிலேயே உங்கள் வண்டியை நிறுத்த இடம் இருக்காது. அமைதிக்காகப் போகிறவர் கந்தசஷ்டிக்கு அங்கே என்ன செய்வார்? 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, திருச்செந்தூரில் 69. மதுரையில் ஒரு முழு வருடத்துக்கே சராசரியாக அந்த 95 பெய்வதில்லை. ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தப் பக்கம் மனை விற்பவர்கள் ராக்கெட்டைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். ராக்கெட் மேலே போகும், நம் பணம் கீழேதான் கிடக்கும்.

தொண்டி எனக்குப் பிடித்த ஊர். மூணாறிலிருந்து இறங்கி மதுரை வழியாக வரும் நெடுஞ்சாலை அங்கே போய்த்தான் முடிகிறது, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று நேர் ரோடு. ரயில் கிடையாது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் வெள்ளை மணலும் அலையும் அங்கே கிடையாது. ஆழமில்லாத, சேறு கலந்த, சத்தமே போடாத கடல். பக்கத்தில் காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது, படகில் கூட்டிப் போவார்கள். முன்பு இலங்கையோடு வியாபாரம் நடந்த ஊர், மரைக்காயர்கள் வீடுகள், பழைய தெருக்கள். கடலைப் பார்க்கிற ஆசையைவிட மனிதர்களோடு பேசுகிற ஆசை உங்களுக்கு அதிகம் என்றால் தொண்டியைத்தான் சொல்வேன். ஆனால் கடிதத்தில் 'அமைதி' என்று இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்.

மிஞ்சுவது மண்டபம். ராமேஸ்வரம் தீவுக்குள் போக வேண்டாம் என்று நீங்களே விட்டுவிட்டது நல்லது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தை 2022 டிசம்பரில் மூடியபிறகு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே இல்லை. மண்டபம் பாலத்துக்கு இந்தப் பக்கம். மதுரையிலிருந்து பாசஞ்சரில் ஏறினால் உட்கார்ந்தபடி போய் இறங்கலாம், டிக்கெட்டும் மலிவு. ஊரில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கடலோரக் காவல்படை இருக்கிறது, அதனால் வெளியூர் முகங்களைப் பார்த்து யாரும் விறைப்பதில்லை. ஆக நான்கில் மண்டபம்தான், ஆனால் வாடகைக்கு மட்டும்.

மனைக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே? நான் கொடுத்தேன். எனக்குக் காட்டியதும் '300 மீட்டர்' மனைதான், 50,000 ரூபாய் அட்வான்ஸ். டீக்கடையில் பழக்கமான ஒரு ஓய்வுபெற்ற சர்வேயர்தான் கேட்டார், 300 மீட்டர் எதிலிருந்து, இன்றைய அலையிலிருந்தா, உயர் அலைக் கோட்டிலிருந்தா என்று. நான் அந்த வார்த்தையையே அப்போதுதான் கேள்விப்படுகிறேன். கடல் ஏறும்போது தண்ணீர் கரையில் எட்டுகிற கடைசி எல்லைதான் அது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பது அந்தக் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 500 மீட்டர் வரை. மத்திய அரசின் 2011 அறிவிக்கைப்படி ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் நம்மைப் போன்ற வெளியாட்கள் புதிதாக வீடு கட்டவே முடியாது. 2019 அறிவிக்கை ஜனநெருக்கம் அதிகமான கிராமங்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது, மற்ற கிராமங்களுக்கு 200 அப்படியேதான். கழிமுகம், உப்பங்கழி ஓரங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 500-க்குள் எங்கே கட்டினாலும் அனுமதி வாங்க வேண்டும். பட்டாவும் வில்லங்கமும் சுத்தமாக இருக்கும், பத்திரமும் பதிவாகும், வீடு மட்டும் கட்ட முடியாது! அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அதற்கும் ஆறு மாதம் நடந்தேன்.

அந்த மனையில் எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. கம்பிவேலி போட்டிருந்த இடத்துக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை ஓடியது. கரைவலை இழுப்பவர்கள் காலங்காலமாக நடந்த பாதை. கடற்கரையில் படகை ஏற்றி வைக்கிற இடம், வலை காயப்போடுகிற இடம், கருவாடு உலர்த்துகிற இடம் எதற்கும் யார் பெயரிலும் பட்டா இருக்காது, ஆனால் எது யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதன் குறுக்கே சேர் போட்டு உட்கார்ந்து சூரிய உதயம் பார்ப்பதற்கு நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். கருவாட்டு வாசம் வருகிறது என்று புகார் சொன்ன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், எட்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

மீனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். மலிவு இல்லை. நல்ல மீன் கரையில் ஏலம் முடிந்த கையோடு ஐஸ் பெட்டியில் ஏறிக் கேரளாவுக்கும் மதுரைக்கும் போய்விடும். நமக்குக் கிடைப்பது சூடை, காரல், நகரை. ஆனால் அந்தச் சூடையின் ருசியை மதுரை மார்க்கெட்டில் நீங்கள் அறிந்திருக்கவே முடியாது, அதற்காகவே இன்னொரு முறை போய் இருக்கலாமா என்று இப்போதும் தோன்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான், விலை எகிறும்.

ஆஸ்பத்திரி. எங்கள் மாமியாருக்கு ஒரு ராத்திரி நெஞ்சை அடைத்தது. வாடகைக் கார் பிடித்து ராமநாதபுரம், அங்கே முதலுதவி, பிறகு மதுரை. ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பிழைத்துக்கொண்டார், ஆனால் நாங்கள் திரும்பி வரக் காரணம் அந்த ராத்திரிதான். இப்போது நிலைமை கொஞ்சம் மேல், 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உங்கள் இருவரின் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய், அத்தனையும் மண்டபம் மருந்துக்கடையில் கிடைக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வீட்டை விற்காதீர்கள், அண்ணே. ஒத்திக்கும் விடாதீர்கள், அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தால் ஒத்திப் பணத்தைப் புரட்ட அலைய வேண்டும். மாடியைப் பூட்டி வைத்துக்கொண்டு கீழ்வீட்டை மாத வாடகைக்கு விடுங்கள். மே மாதம் ஓய்வு என்றால், ஐப்பசி பிறந்ததும் போய்ப் பொங்கல் வரை இருந்து பாருங்கள். போகிற தெருவில் கார்த்திகை மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், தெருமுனை டீக்கடையில் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும். பதினோரு மணிக்குப் பரோட்டா, ஒரு மணிக்கு இட்லி என்று வளர்ந்த வயிறு முதல் மாதம் ரொம்பவே முரண்டு பிடிக்கும்.

கடைசியாக, 'மனைவிக்கும் சம்மதம்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு 'தான்' இருந்தது. மதுரைக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து, தலையில் மல்லிகையை வைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள், மண்டபத்தில் பூ மதியம்தான் வரும், அதுவும் வாடித்தான் வரும், ரெண்டு வருஷமா அதை உங்ககிட்ட சொல்லணும்னே தோணலை என்று. நான் தினமும் காலையில் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள், பதில் போடுகிறேன்.