அலமாரியில் தூங்கும் ஊர் மேப்

கேள்வி: பேரூராட்சி ஒன்றில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். மூன்று வருடம் முன்பு வடிகால் வேலைக்காக ஒரு கம்பெனி ட்ரோன் விட்டு ஊரையே அளந்து கொடுத்தது. தெரு, குளம், வாய்க்கால், கட்டடம் எல்லாம் ஒரு சிடியில் இருக்கிறது, சிடி அலுவலக அலமாரியில் இருக்கிறது. இதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குக் கொடுத்தால் ஊருக்கு உபயோகம் என்கிறாள் என் மகள். செயல் அலுவலரோ "நமக்கெதற்கு வம்பு" என்கிறார். யார் சொல்வது சரி?
– வார்டு உறுப்பினர், திருவாரூர் மாவட்டம்

பதில்: மகள் சொல்வதுதான் சரி, ஆனால் செயல் அலுவலர் பயப்படுவதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-ல் தொடங்கிய இணைய மேப், யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும் கூட. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், திருத்திய தரவை வெளியிட்டால் அதையும் இதே நிபந்தனையில் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியென்றால் ஒருமுறை கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது என்றும் அர்த்தம். ஆகவே முதலில் அந்தக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள், தரவின் உரிமை பேரூராட்சிக்கு என்று அதில் இருக்கிறதா பாருங்கள். அவர்கள் உண்மையில் பறக்கவிட்டு அளந்தார்களா, இல்லை கூகுள் படத்தின் மேல் கோடு போட்டுக் கொடுத்தார்களா என்றும் விசாரியுங்கள், இரண்டாவது என்றால் அது கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லாத சரக்கு. எல்லாம் சரி என்றால் மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு, இன்னின்ன தரவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இந்த நிபந்தனைகளில் சேர்க்கச் சம்மதம் என்று ஒரு கடிதம். வாய்வார்த்தை போதாது, அடுத்த செயல் அலுவலர் வந்து "யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்" என்றால் காட்டக் காகிதம் வேண்டும்.

இப்போது அந்த வம்புக்கு வருவோம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளுக்குப் பிறகு, இந்தியர்களும் இந்திய அமைப்புகளும் மேப் தயாரிக்க முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் அதில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டரை விடத் துல்லியமான தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். ட்ரோன் படம் சென்டிமீட்டர் கணக்கு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சர்வர்களோ வெளிநாட்டில். அதனால் ட்ரோன் படத்தையும் வடிகாலுக்காக எடுத்த மட்ட அளவுகளையும் அப்படியே தூக்கி ஏற்றாதீர்கள். தெருவைத் தோராயமான கோடாக வரைந்து கொடுத்தால் போதும், அந்தக் கோடு இரண்டு மூன்று மீட்டர் இப்படி அப்படி இருந்தால் யாரும் வழி தவறிவிடப் போவதில்லை.

மேலே இருந்து எடுக்கிற படத்தில் தெரியாதது எது தெரியுமா, பெயர். குளம் பச்சையாகத் தெரியும், அது எந்தக் குளம் என்று தெரியாது. எந்த வாய்க்கால் பாசனத்துக்கு, எது வடிகால், மதகு எங்கே, ரேஷன் கடை, அங்கன்வாடி, பொதுக் கழிப்பிடம், சுடுகாட்டுப் பாதை, மழைக்காலத்தில் லாரி போகாத பாலம், இதெல்லாம் உங்கள் தூய்மைப் பணியாளர்களுக்கும் குழாய் திறந்துவிடுகிறவருக்கும் மனப்பாடம். அதைக் கொடுங்கள். வீட்டு உரிமையாளர் பெயர், வரி எண், பட்டா விவரம் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, இதில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். 2018 கஜா புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், கரண்டும் இல்லை டவரும் இல்லை. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற ஆப்களில் முன்பே இறக்கி வைத்த மேப் நெட் இல்லாமலும் வேலை செய்யும், அவை காட்டுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத்தான். வெளியூரிலிருந்து நிவாரணம் கொண்டு வருகிறவருக்கு உங்கள் தெரு அதில் இருந்தால்தானே உண்டு.

அப்புறம், மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் கொட்டிவிடாதீர்கள். 2007, 2008-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சாலைத் தரவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மொத்தமாக ஏற்றினார்கள், இடம் பிசகிய சாலைகளை நேராக்க ஆண்டுக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே உங்கள் ஊரில் யாரோ ஒரு பையன் நடந்து நடந்து வரைந்திருப்பான், அவன் வேலையை அழிக்காமல், என்ன சேர்க்கப் போகிறோம் என்று இந்தியப் பங்களிப்பாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி, இதற்கென்று தனிக் கணக்கு திறந்து, வார்டு வார்டாகச் சேர்ப்பதுதான் முறை.

சின்ன விஷயம் ஒன்று: கோப்பு ஆட்டோகேடில் (வரைபடம் வரைகிற மென்பொருள்) யுடிஎம் அளவில், அதாவது உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்கிற முறையில், இருந்தால் மண்டலம் 44 என்று கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டை 78 டிகிரி தீர்க்கரேகை இரண்டாகப் பிரிக்கிறது, கோவை 43-ல், நீங்கள் 44-ல். தவறிப்போய் 43 என்று போட்டால் உங்கள் ஊர் லட்சத்தீவுப் பக்கம் கடலில் போய் விழும்!

கேள்வி: எங்கள் தெருப் பெயர்களைக் கூகுள் மேப்பைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதலாமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: கூடாது. அது பக்கத்து பெஞ்சு விடைத்தாள். மைக்ரோசாஃப்டின் பிங் மேப்பில் இருக்கிற வான்படத்தின் மேல் வரைய 2010-லிருந்தே அனுமதி இருக்கிறது, அதை வைத்து வரையுங்கள். பெயருக்குத் தெருமுனைப் பலகை, அதுவும் போஸ்டர் ஒட்டி மறைந்திருந்தால் தபால்காரர்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பலகையில் ஒரு பெயர், ஊர் வாயில் ஒரு பெயர், தாத்தா காலத்தில் வேறொரு பெயர். எதைப் போடுவது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: மூன்றையும் போடலாம் ஐயா. பலகைப் பெயர் முதன்மைப் பெயராக, ஊர் வாய்ப் பெயர் மாற்றுப் பெயராக, தாத்தா காலத்தது பழைய பெயராக, மூன்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதவும் தனிக் கட்டம் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள். பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள், முதலில் பேரூராட்சியிலோ மாநகராட்சியிலோ சொல்லிப் பலகையைத் திருத்தப் பாருங்கள்.