ஐசியு சளிப் பரிசோதனை: ஒரு மணி நேர முடிவை எவ்வளவு நம்பலாம்?

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் ஆய்வுகூடத்தில் நுண்ணுயிரியல் பக்கம் வேலை செய்பவன். மருந்தைத் தீர்மானிப்பது நோயாளியைப் பார்க்கிற டொக்டர்தான்.

நிலாவெளியிலிருந்து ஒரு மகள்: அப்பா நியுமோனியாவோடு வென்டிலேட்டரில் இருக்கிறார். கல்ச்சர் முடிவுக்கு மூன்று நாளாகும் என்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் சொல்லும் மெஷின் இருக்கிறதாமே?

இருக்கிறது, தங்கச்சி. கல்ச்சரில் கிருமி தட்டில் வளர்ந்து கண்ணுக்குத் தெரியவே ஒரு நாள் வேண்டும். எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்க இன்னொரு நாள். பிசிஆர் முறை கிருமி வளரும்வரை காத்திருப்பதில்லை, அதன் மரபணுத் துண்டைத்தான் பெருக்கிப் பார்க்கிறது. பயோஃபயர் நியுமோனியா பெனல் என்பதற்கு 2018 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரே பரிசோதனையில் 18 பக்டீரியா, 8 வைரஸ், மருந்துக்கு அடங்காத தன்மையைக் காட்டும் 7 மரபணுக்கள் என 33 விடயங்களைத் தேடும். நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி.

ஆனால் அந்த ஒன்றேகால் மணி மெஷினில் போட்ட பிறகுதான் தொடங்கும். சளி இன்னொரு ஊருக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் கணக்கே வேறு. முடிவு வரும்வரை அப்பாவுக்கு மருந்து இல்லாமல் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். முதல் நாளே அனுமானத்தில் அன்டிபயோட்டிக் தொடங்கிவிடுவார்கள். முடிவு வந்ததும் அதை மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

மூதூரிலிருந்து ஒரு தாதியர் மாணவி: நாங்கள் அனுப்பும் சளியை லாப் திருப்பி அனுப்புவது ஏன் சேர்?

பெரும்பாலும் அது சளியே இல்லை, எச்சில். நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்குப் பத்துக்கு மேல் வாய்த்தோல் செல்கள் தெரிந்தால் வாய்க்குள் இருந்து வந்தது என்று பொருள். வென்டிலேட்டர் நோயாளியிடம் குழாய் வழியே சக்‌ஷனில் இழுத்து, சின்னப் போத்தலில் பிடிக்கும் தடித்த மஞ்சள் சளிதான் வேண்டும். முடிந்தால் புது அன்டிபயோட்டிக் கொடுக்கும் முன்பே எடுங்கள். அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். எச்சிலைக் கொடுத்தால் விலை கூடிய மெஷினும் வாயில் இருக்கிற கிருமிகளின் பெயரைத்தான் ஒப்பிக்கும்.

கிண்ணியாவிலிருந்து: ரிப்போர்ட்டில் மூன்று கிருமிகள். மூன்றுக்குமா மருந்து?

அவசியமில்லை. குழாய் போட்டுச் சில நாள் ஆனவர்களின் மூச்சுப்பாதையில் கிருமிகள் சும்மாவும் குடியிருக்கும். செத்த கிருமியின் மரபணுவையும் பிசிஆர் பிடிக்கும். அதனால் முக்கியமான பக்டீரியாக்கள் எவ்வளவு இருக்கின்றன என்ற அளவையும் ரிப்போர்ட்டில் போடுவார்கள். காய்ச்சல், எக்ஸ்ரே, ஒட்சிசன் தேவை எல்லாவற்றையும் வைத்துத்தான் எது குற்றவாளி என்று சொல்லலாம். இன்னொன்று: எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை என்று வந்தாலும் எல்லா மருந்தும் கேட்கும் என்று அர்த்தமில்லை. அந்த ஏழுக்கு வெளியேயும் கிருமிக்கு வழிகள் உண்டு. கல்ச்சரையும் சேர்த்தே அனுப்பச் சொல்வது இதனால்தான்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு மகன்: அப்பா வயல் செய்கிறவர், சீனி வருத்தமும் இருக்கிறது. மாரி மழையோடு காய்ச்சல் வந்து ஐசியுவுக்குப் போனார். பெனலில் எல்லாமே நெகட்டிவ். அப்போ கிருமியே இல்லையா?

நான் மிகவும் கவலைப்படுகிற கேள்வி இதுதான், தம்பி. நெகட்டிவ் என்றால் பட்டியலில் உள்ளவை அகப்படவில்லை என்று மட்டுமே பொருள். மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியா நோய் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும். இலங்கையில் 1927 இலேயே பதிவான நோய் இது. வயல், மழைக்காலம், நீரிழிவு என்று நீங்கள் சொன்ன மூன்றும் அதற்கே பொருந்துகின்றன.

இதை கல்ச்சரில்தான் பிடிக்க வேண்டும்: இரத்தம், சளி, சிறுநீர், தொண்டைத் துடைப்பு என்று பல மாதிரிகள். லாப் தாளில் ‘வயல் வேலை, நீரிழிவு, மெலியோய்டோசிஸ் சந்தேகம்’ என்று டொக்டர் எழுதினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எழுதாவிட்டால் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்றோ வெளியிலிருந்து கலந்தது என்றோ ஒதுக்கப்படும் ஆபத்து உண்டு. ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமொக்சிகிளாவுக்கு அடங்குவதாகத் தட்டில் தெரிந்தால் எங்களுக்கு உடனே சந்தேகம் தட்டும். சிகிச்சையும் வேறு: செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரை மூன்று மாதமளவு. வழக்கமான செஃப்ட்ரியக்சோன் இதற்குப் போதாது. ஆகவே டொக்டரிடம் வயல் விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எலிக்காய்ச்சலும் நுரையீரலில் இரத்தம் கசியச் செய்யும், அதுவும் இந்தப் பெனலில் இல்லை.

உப்புவெளியிலிருந்து: காசநோயும் இதில் தெரியுமா?

தெரியாது. அதற்கு ஜீன்எக்ஸ்பேர்ட் தனிப் பரிசோதனை. இரண்டு மணிக்குள் காசநோய்க் கிருமியையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சொல்லும்.

டொரொண்டோவிலிருந்து ஓர் அண்ணன்: காசு அனுப்புகிறேன். இந்தப் பரிசோதனையைத் தனியாரில் செய்தால் அம்மா பிழைப்பாரா?

அப்படி யாராலும் உறுதி தர முடியாது, அண்ணை. இங்கிலாந்தில் 14 ஐசியுக்களில் இந்த மாதிரிப் பெனலை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். பொருத்தமான மருந்து கொடுப்பது கூடியது. ஆனால் வழக்கமான முறையில் குணமாகிற அளவுக்காவது நோயாளிகள் இதிலும் குணமாகிறார்கள் என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. அதனால் பணம் அனுப்பும் முன் டொக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்த முடிவைப் பார்த்து மருந்தை மாற்றுவீர்களா? ‘இல்லை’ என்றால் செலவு வீண். ‘ஆம், நெகட்டிவ் என்றால் ஒரு மருந்தை நிறுத்துவேன்’ என்றால் செய்து பார்க்கலாம்.