டீச்சரைக் கேளுங்கள்: நுரை அடங்கிய பிறகு

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு ஆறு வயது. சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றி, "அரக்கன் கொதிக்கிறான்" என்று விளையாடுவாள். நுரை அடங்கியதும் அடுத்த விளையாட்டுக்கு ஓடிவிடுகிறாள். அமிலம், காரம் என்று நான் ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள். இதில் அவள் என்னதான் கற்கிறாள்?

பதில்: நுரை அடங்கும் இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது அம்மா. விளக்கத்தை விட்டுவிட்டுக் கதைக்குள் நீங்களும் நுழையுங்கள். "அரக்கன் செத்துட்டானா, இல்ல தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருக்கானா?" என்று கேளுங்கள். சோடா அரக்கன், எலுமிச்சைச் சாறு வீரன்.

அடங்கிய தண்ணீரை நன்றாகக் கலக்கி (அடியில் தங்கிய சோடா ஏமாற்றிவிடும்) இரண்டு கிண்ணங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு, மற்றதில் ஒரு சிட்டிகை சோடா. சாறு விட்டது நுரைத்தால் அரக்கன் மிச்சம். சோடா போட்டது நுரைத்தால் வீரன் மிச்சம். இரண்டுமே நுரைக்காதபடி சண்டையைச் சரிசமமாக முடிக்க முடியுமா? இதற்காக ஒரு குழந்தை ஸ்பூனால் அளந்து அளந்து ஊற்றுவதைப் பாருங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ப்யூரெட்டை (சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) கையில் கொடுத்து நான் சொல்லித்தந்த தரம்பார்த்தலின், அதாவது கரைசலில் அமிலமோ காரமோ எவ்வளவு என்று அளந்து கண்டுபிடிப்பதன், அடிப்படை இதுதான்.

வெளியே வரும் வாயு கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடச் சுமார் 1.5 மடங்கு கனமானது. உயரமான ஜாடியில் சோடாவையும் சாற்றையும் கலந்து, நுரை அடங்கியதும், திரவம் சிந்தாமல் ஜாடியை மெழுகுவத்திச் சுடரின் மேல் மெல்லச் சாயுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று வழிந்து சுடரை அணைக்கும். வத்தியை ஏற்றுவது உங்கள் வேலை. அணைத்தது யார் என்று அவள் சொல்லட்டும்.

'அமிலம்' என்ற பெயரை எப்போது சொல்வது? வினிகரும் அரக்கனோடு சண்டை போடும் என்று அவள் கண்டுபிடிக்கும் நாளில். இரண்டும் ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று அவள் யோசிக்கும்போது அந்தப் பெயர் அவளுக்குத் தேவைப்படும்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு நுரை அலுத்துவிட்டது. வேறென்ன செய்யலாம்?

பதில்: அவனைத் துப்பறிவாளன் ஆக்குங்கள். உப்பு, சர்க்கரை, சமையல் சோடா, சோள மாவு ஆகிய நான்கு வெள்ளைப் பொடிகளைப் பெயர் எழுதாத கிண்ணங்களில் வையுங்கள். சர்க்கரையையும் பொடித்துவிடுங்கள். வாயில் வைக்கக் கூடாது என்பது மட்டுமே சட்டம். முதலில் யார் யார் என்று ஊகித்து எழுதி வைக்கட்டும், அப்புறம் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றட்டும்.

குளிர்ந்த நீரில் கரையாமல் பாலாகக் கலங்குவது சோள மாவு. சோடாவுக்கு ஒற்றன் வேண்டும். மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். சோடாக் கரைசல் பட்ட இடம் செம்பழுப்பாகும், எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்ப மஞ்சளாகும். வயலெட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில் 1664-இல் எழுதினார். உங்கள் மகன் செய்வதும் அதே வகைச் சோதனைதான். மிஞ்சும் உப்பையும் சர்க்கரையையும் பிரிக்கத்தான் பொறுமை வேண்டும். இரண்டின் கரைசலையும் கறுப்புத் தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்து, லென்ஸால் பார்க்கட்டும். உப்பு சின்னச் சின்னச் சதுரங்களாகப் படியும். சர்க்கரை பிசுபிசுவென்று ஒட்டும். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், காய ஒரு நாள் ஆனாலும் காத்திருக்கட்டும்.

கேள்வி: என் பையன் குளியலறைத் திரவங்களையும் 'மந்திர மருந்து' என்று கலக்கிறான். எப்படித் தடுப்பது?

பதில்: இங்கே கதையே வேண்டாம். நேராகச் சொல்லி, இன்றே அவற்றைப் பூட்டி வையுங்கள். பிளீச்சோடு வினிகரோ அமிலக் கழிப்பறைக் கிளீனரோ சேர்ந்தால் நுரையீரலைப் பாதிக்கும் குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த திரவத்தோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். சமையலறைப் பொருள்களிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சோடாவும் வினிகரும் கலந்த பாட்டிலை மூடினால் வெடிக்கும். மூடிக்குப் பதில் பாட்டிலின் வாயில் பலூனை மாட்டச் சொல்லுங்கள்.