பத்தாயிரம் பேர் கை தூக்கினால்: லெகோ பற்றிச் சில கேள்விகள்

சாதாரண ரசிகர்கள் வீட்டில் கட்டிய மாடல்களை, ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டை செய்யும் லெகோ கம்பெனி பெட்டி போட்டு விற்கிற கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பல வருடமாகக் கட்டை அடுக்குகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டு அப்பா ஒருவர்: என் மகள் எங்கள் ஊர்த் தேரை லெகோவில் கட்டியிருக்கிறாள். அதை கம்பெனியே செட்டாக விற்குமா?

வழி இருக்கிறது, ஆனால் நீளமான வழி. லெகோ ஐடியாஸ் என்ற இணையதளம்தான் அது. மாடலின் படமும் விளக்கமும் போட்டு ஆதரவு கேட்க வேண்டும். முதல் 60 நாளில் 100 பேராவது கை தூக்கினால்தான் மேற்கொண்டு அவகாசம் கிடைக்கும். அப்புறம் ஆயிரம், ஐயாயிரம் என்று ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு. 10,000 தொட்டால் கம்பெனிக் குழு பரிசீலிக்கும். வருடத்துக்கு மூன்று முறை அந்தப் பரிசீலனை நடக்கிறது. தேறினால், டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் இருக்கும் வடிவமைப்பாளர்கள் மாடலைப் பிரித்து, உறுதியாக நிற்கும்படி திரும்பக் கட்டுவார்கள். கடைக்கு வருவது மகள் கட்டிய அதே தேராக இருக்காது, அதன் தங்கையாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: மதம் சார்ந்த மாடல்களை ஐடியாஸ் ஏற்பதில்லை, கோயில் தேர் அதில் மாட்டிக்கொள்ளலாம். அந்த விதியையும் வயது வரம்பு, பெற்றோர் சம்மதம் பற்றிய விதிகளையும் முதலில் படித்துவிடுங்கள்.

பத்தாயிரம் பேர் கேட்டும் மறுப்பார்களா? அப்புறம் ஓட்டு எதற்கு?

மறுப்பார்கள். பெரும்பாலானவை மறுக்கப்படுகின்றன. ரத்தக்களரியான ஒரு சினிமாவில் வரும் மதுக்கடையின் மாடல் 2012-லேயே பத்தாயிரத்தைத் தொட்டது. பிள்ளைகள் பொம்மைக்கு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு கம்பெனியின் உரிமம் கிடைக்காமல் நின்றவையும் உண்டு. என்னைக் கேட்டால் இது தேர்தலே இல்லை, சல்லடை. 'இதை வாங்க ஆள் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு கம்பெனி செலவில்லாமல் விடை வாங்கிக்கொள்கிறது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜனநாயகம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் மனசு உடையும்.

தோற்றவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்தது. பிரிக்லிங்க் என்பது ரசிகர்கள் பழைய கட்டைகளை வாங்கி விற்கும் சந்தை. 2000-இல் ஒரு ரசிகர் தொடங்கியது. 2019-இல் லெகோ அதை வாங்கியது. 2021-இல், ஐடியாஸில் பத்தாயிரம் வாங்கியும் தேறாத மாடல்களை அங்கே முன்பதிவுக்கு வைத்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கோட்டை ஒன்று பரபரவென்று விற்றுத் தீர்ந்தது.

யோசனை கொடுத்தவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

நிகர விற்பனையில் 1 சதவீதம், பத்து இலவசப் பெட்டிகள், பெட்டிக்குள் வரும் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு குறிப்பு. குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

மதுரை கல்லூரி மாணவர்: ரசிகர்களை நம்பலாம் என்று ஒரு பொம்மை கம்பெனிக்கு எப்படித் தோன்றியது?

தானாகத் தோன்றவில்லை, மாட்டிக்கொண்டதில் தோன்றியது. 1998-இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ செட் வந்தது. சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்ட் மாணவர் ஒருவர் அதன் மூளைப் பெட்டியைக் குடைந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ஊருக்கே சொல்லிவிட்டார். வக்கீலைக் கூப்பிடலாமா என்று கம்பெனி யோசித்தது. அதற்குள் ரசிகர்கள் சொந்தமாக நிரல் எழுதி, லெகோ கனவிலும் நினைக்காத ரோபோக்களைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் குடைந்து பார்க்கும் உரிமையை மென்பொருள் உரிமத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். 2004-இல் கம்பெனி பெரும் நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அடுத்த தலைமுறை ரோபோவைத் திட்டமிட நான்கு ரசிகர்களை ரகசியமாகச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது, லெகோ பெட்டிகள்தான். பில்லுண்டுக்கு விமான டிக்கெட்டும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்! 2006-இல் அந்த ரோபோ என்.எக்ஸ்.டி. என்ற பெயரில் வந்தது.

ஐடியாஸின் விதை விழுந்தது ஜப்பானில். 2008-இல் 'கூசோ' என்ற பெயரில் தொடங்கியது. ஜப்பானிய மொழியில் கற்பனை என்று பொருள். அங்கே ஆயிரம் ஓட்டே போதுமாக இருந்தது. முதலில் வந்த செட், ஷின்காய் 6500 என்ற ஆழ்கடல் ஆய்வுக் கலம். 2011-இல் உலகத்துக்கே திறந்தார்கள். 2014-இல் பெயர் ஐடியாஸ் ஆனது.

ஓர் ஆசிரியை: கம்பெனிக்கே தோன்றாத எதையாவது ரசிகர்கள் கொண்டுவந்தார்களா?

எலென் கோய்மன் என்ற புவி வேதியியல் ஆய்வாளர், லெகோ பொம்மை மனிதர்களில் பெண்கள் குறைவு, அதிலும் சுவாரஸ்யமான வேலை பார்க்கிறவர்கள் இன்னும் குறைவு என்பதைக் கவனித்தார். தொல்லுயிர் ஆய்வாளர், வானியலாளர், வேதியியலாளர் என்று மூன்று பெண்களுடன் வந்த செட் 2014-இல் சட்டென்று விற்றுத் தீர்ந்தது. அப்புறம் 2017-இல் வந்த சாட்டர்ன் ராக்கெட் செட்டில் சரியாக 1969 துண்டுகள். நிலவில் கால் வைத்த வருடம்! ராக்கெட் யோசனை ரசிகர்களுடையது, அந்த எண் கம்பெனி வடிவமைப்பாளர்களின் குறும்பு.

கட்டை விலை கட்டுப்படியாகவில்லை. டூப்ளிகேட் வாங்கலாமா?

கட்டைக்கு 1958-இல் பதிந்த காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதனால் பொருந்தும் கட்டையை வேறு கம்பெனி செய்வது குற்றமில்லை. லெகோ பெயரைப் போட்டு விற்றால்தான் போலி. நான் ஒருமுறை திருவிழாக் கடையில் வாங்கிய பையில் பாதிக் கட்டை பிடிமானமே இல்லாமல் கழன்று விழுந்தது. அதைவிட, திரையிலேயே கட்டை அடுக்க உதவும் ஸ்டூடியோ என்ற மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். ஐடியாஸுக்குத் திரையில் கட்டிய மாடலே போதும்.

மற்ற கம்பெனிகளும் ரசிகர்களிடம் இப்படிக் கேட்கின்றனவா?

ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை கம்பெனியின் ஹாஸ்லேப் திட்டம் நம்மிடம் கேட்பது யோசனையை அல்ல, முன்பணத்தை. 2018-இல் சுமார் 500 டாலர் விலையில் ஒரு பெரிய பொம்மைக் கப்பலுக்கு 5,000 பேர் வேண்டும் என்றார்கள், எட்டாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். அதற்குப் பின் வந்த குக்கீ மான்ஸ்டர் பொம்மைக்கு ஆள் சேரவில்லை. வியாபாரமாக நல்ல உத்திதான். கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன்.

என் பையன் புத்தகத்தைப் பார்த்துத்தான் கட்டுகிறான். சொந்தமாக எதுவும் செய்வதில்லை. என்ன செய்ய?

புத்தகத்தைப் பிடுங்காதீர்கள், அதில்தான் பிடிமானம், சமநிலை எல்லாம் கற்றுக்கொள்கிறான். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டுப் புள்ளிக் கட்டை ஆறை மட்டும் அவன் முன்னால் வைத்து, ஒரு வாத்து செய்யச் சொல்லுங்கள். நீங்களும் ஆறு எடுத்து ஒரு வாத்து செய்யுங்கள். ஒரே நிறத்தில் அப்படி ஆறு கட்டையைப் பொருத்த 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 வழி இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே வாத்து வந்தால் எனக்கு எழுதுங்கள்.